விடாப்பிடி

எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் பறந்த ஹெலிகாப்டர், இன்ஜின் நின்று நடுக்கடலில் இறங்கியது.

குதித்தேன். என் லைஃப் ஜாக்கெட் உப்பியது. நீச்சல் தெரியாத பயத்தில், முன்னால் குதித்த முத்திருளனின் முதுகை இறுகக் கட்டிக்கொண்டேன். அவரும் அலங்காநல்லூர்தான். வாடிவாசலில் அவர் காளை என்னை உதறிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"விடுடா! என் காளைகிட்ட ஒரு துள்ளு தாங்காத பய, நீயெல்லாம் புடிக்கிற ஆளா?"

வீம்பில் இன்னும் இறுக்கினேன். படகு வரும்வரை திட்டித் தீர்த்தார்.

படகில் தூக்கிவிட்டவர் முத்திருளனைப் பார்த்துத் திகைத்தார். "உங்க ஜாக்கெட் உப்பவே இல்லையே! நல்லா நீந்துவீங்களோ?"

"கம்மாயில கால்கூட நனைச்சதில்லண்ணே." முத்திருளன் என்னை முறைத்தார். "ஏண்டா, நான் காப்பாத்துன்னு கெஞ்சியிருந்தா இம்புட்டு இறுக்கிப் புடிச்சிருப்பியா? இப்பவாச்சும் விட்டுத் தொலை!"

கைதான் கேட்கவில்லை.