கரையான் தின்ற கார்

“இதுவும் போச்சா?” என்று கேட்டாள் பானுமதி.

ஜெயபால் கையிலிருந்த கட்டையைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினான். வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே மரம் இல்லை, கரையான் புற்றுதான் இருந்தது.

அதியமான்கோட்டையில் அவர்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை முழுவதையும் அந்தக் கார்தான் அடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கார். அந்தக் காலத்தில் மரத்தால் கூடு கட்டி, அதன்மேல் தகரத்தை ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள். கூடு உளுத்துப்போனால் தகரத்துக்கு நிற்க இடமில்லை. பானுமதியின் அப்பா சென்றாயன் பாப்பிரெட்டிப்பட்டியில் அந்தக் காரைத் தன் வீட்டு வாசலில் பல வருடம் நிறுத்தி வைத்திருந்தார். சென்ற தீபாவளிக்கு முன்பு திடீரென்று லாரியில் ஏற்றி மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஜெயபாலுக்குப் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. மரவேலை தெரியாது. வந்து பார்த்த ஆசாரிகள் வாசக்கால், ஜன்னல் என்றால் சொல்லுங்கள், இந்த வளைவு நெளிவெல்லாம் ஒத்துவராது என்று நழுவிவிட்டார்கள். அதனால் யூடியூபைப் பார்த்துப் பார்த்து அவனே உளியைக் கையில் எடுத்தான்.

எடுத்ததிலிருந்து தொல்லைதான். அடிச்சட்டத்தை மாற்றினால் கதவு தொங்கியது. கதவு மாட்டும் கட்டையைப் புதிதாகச் செய்து வைத்தால் கதவு சாத்தவில்லை. இழைத்து இழைத்துக் கதவைச் சாத்த வைத்தால் கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஒரு கட்டையைக் கழற்றினால் பக்கத்துக் கட்டையும் கூடவே உதிர்ந்து வந்தது.

விடுமுறை நாள் என்று ஒன்று அந்த வீட்டில் இல்லாமல் போனது. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் பானுமதி தனியாகப் போய்வந்தாள். மகள் வெண்மதியின் ஸ்கூட்டர் கொட்டகையில் இடமில்லாமல் மழையில் நனைந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியது. மரத்தூள் சோற்றுப் பானை வரைக்கும் வந்தது. பானுமதி பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். மகளைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், கரையானைத் திட்டினாள். காரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயபாலும் ஒவ்வொரு கட்டை உதிரும்போதும் அவள் முகத்தைப் பார்ப்பான். பெருமூச்சு விடுவான். மறுபடியும் உளியை எடுத்துக்கொள்வான்.

அன்றைக்கும் அப்படித்தான். உதிர்ந்த கட்டைக்கு மாற்றாகப் பழைய வீடு இடித்த தேக்கு வாங்க வேண்டும் என்று சேலத்துக்குக் கிளம்பிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் பானுமதிக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. நெடுஞ்சாலையில் டீ குடிக்க இறங்கிய ஓசூர்க்காரர் ஒருவர் முன்பு இந்தக் காரைப் பார்த்துவிட்டு, கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், ஓட வேண்டியதில்லை, என் ஓட்டல் வாசலில் அலங்காரமாக நிறுத்தத்தான் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் போன் செய்தாள். மத்தியானத்துக்குள் ஆட்களோடு வந்து, கழற்றிப் போட்டிருந்த கதவுகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

காலியான கொட்டகையைப் பெருக்கும்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பெருக்கி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஜெயபால் கையெல்லாம் காயமாக்கிக்கொண்டு செய்த வேலை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் தேக்குப் பலகையோடு மினி ஆட்டோவில் வந்து இறங்கினான் ஜெயபால். கொட்டகையைப் பார்த்து அப்படியே நின்றான்.

“நான்தாங்க குடுத்துட்டேன்” என்றாள் பானுமதி. “என்னால முடியலைங்க. கோபம்னா ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சிருங்க.”

அவன் பலகையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஓசூர்க்காரரிடம் பேசித் திரும்ப வாங்கிவிடலாம் என்று சமாதானம் சொன்னாள்.

அவன் பதறிப்போய்க் கையை எடுத்தான். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான்.

“வேண்டாம் பானு, அது போன எடத்துலயே இருக்கட்டும். உனக்கு வருத்தமில்லையா?”

“எனக்கு எதுக்குங்க வருத்தம்? கார் ஆசை உங்களுதுதானே?”

“என்னுதா? மாமா எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘பானுவுக்குச் சின்னதுல இருந்து இந்தக் கார்னா உசுரு. வாய் விட்டுக் கேக்க மாட்டா. நீங்கதான் மாப்ள அதை எழுப்பி நிறுத்தோணும்’னாரு.”

பானுமதி அவனையே பார்த்தாள். “எங்கிட்ட, ‘மாப்பிள்ளைக்கு இந்தக் கார் மேல ஒரு கண்ணு, கூச்சத்துல கேக்க மாட்டேங்கறாரு. அவரு அதுல வேலை செய்யறப்ப நீ குறுக்க நிக்காத’ன்னு சொன்னாருங்க.”

பானுமதி போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு, ஜெயபாலுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். “அப்பா, அந்தக் காரு...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், சென்றாயன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதை மட்டும் இங்க திருப்பி அனுப்பிராத கண்ணு. அது இந்த வூட்டை விட்டுப் போன அன்னைக்குத்தான் உங்கம்மா எங்கூடப் பேசவே ஆரம்பிச்சா.”