அபாயச் சங்கின் கார் ஷெட்

"என்னங்க, ஓடி வாங்க! அபாயச் சங்கு நம்ம குப்பையைப் பொறுக்குறாரு!"

மனைவி போட்ட சத்தத்தில் கணக்கு வாத்தியார் ஜன்னலுக்கு ஓடினார்.

உண்மைதான். புயலில் ஊறிப்போய் இவர்கள் வெளியே போட்ட மெத்தையை எதிர்வீட்டுக்காரர் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு போனார். உடைந்த ஓடுகளும் செத்துப்போன டிவியும் ஏற்கெனவே அவருடைய கார் ஷெட்டுக்குள் போயாச்சு. அவருடைய புதுக் கார் வெளியே மழையில் தேமே என்று நின்றது.

ஒவ்வொரு வருஷமும் புயல் சீசனுக்கு முன்னால் வீடு வீடாக வந்து, "கிளையை வெட்டுங்க, வீட்டைப் படம் எடுத்து வைங்க, இன்சூரன்ஸ்காரன் பார்க்காம எதையும் எறியாதீங்க" என்று ஊதுவார். அதனால்தான் தெருவே வைத்த பெயர், அபாயச் சங்கு. வாத்தியார் "ஆகட்டும், ஆகட்டும்" என்று கதவைச் சாத்திவிடுவார்.

"நம்ம ஓட்டை உடைசல் அவருக்கு எதுக்குங்க?"

"இதுகூடவா புரியல? அவர் வீட்ல ஒரு ஓடுகூட அசையல. நம்ம சாமானைக் காட்டி இன்சூரன்ஸ்ல கறக்கப் பாக்குறாரு. பெரிய யோக்கியர் மாதிரி பேச்சு வேற!"

"அடப்பாவி மனுஷா!"

வாத்தியார் பேர் சொல்லாமல் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஒரு போன் போட்டார். அநியாயத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

மறுநாள் வாத்தியார் வீட்டுச் சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ்காரர் வந்தார். ஆபீசர் வருகிறாரே என்று மனைவி வீட்டைக் கழுவித் துடைத்து, சுவரில் மழைக் கறை தெரியாமல் வெள்ளையும் அடித்து வைத்திருந்தாள். கூரைக்குப் புது ஓடு.

"சேதம் எங்க சார்?"

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சே!"

"படம் எடுத்தீங்களா?"

"இல்லையே..."

"அப்ப நான் எதைப் பார்த்து எழுதுறது? வீடு நேத்து கட்டின மாதிரி இருக்கு."

வாத்தியார் கையில் இருந்த பணமெல்லாம் கூரைக்கே போய்விட்டது. மெத்தை இல்லாமல் தரையில்தான் படுக்கை.

இன்சூரன்ஸ்காரர் எழுந்தார். "எதிர்வீட்டுக்கும் போகணும். அவரைப் பத்தி ஒரு போன் வந்துச்சு."

இதையாவது பார்ப்போம் என்று வாத்தியாரும் பின்னாலேயே போனார்.

ஷெட் திறந்தது. மெத்தை, டிவி, ஓடு எல்லாம் அப்படியே இருந்தன.

"உங்களைப் பத்தி ஒரு போன் வந்துச்சு. இதெல்லாம் யாரோடது?" இன்சூரன்ஸ்காரர் அதட்டினார்.

"வாத்தியாரோடதுங்க. சுத்தம் பண்ற வேகத்துல வீசிட்டாங்க. சொல்லப் போனா கதவைச் சாத்திடுவாரு. அதான் நீங்க வர்ற வரைக்கும் இங்க கிடக்கட்டும்னு இழுத்து வெச்சேன். அவர் கூரை பிச்சுக்கிட்டு நின்னதையும் போன்ல படம் எடுத்திருக்கேன், பாருங்க."

இன்சூரன்ஸ்காரர் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அபாயச் சங்கு அவர் தோளைத் தட்டினார்.

"நல்லவேளை சார்! நான் வந்து கூப்பிடறதுக்குள்ள யாரோ ஒரு புண்ணியவான் போன் போட்டு இவரை இங்க அனுப்பிட்டான். யார் பெத்த பிள்ளையோ, அவன் நல்லா இருக்கணும்!"