ங்யூத்தலியை எப்படிச் சொல்வது?

சொந்தமாகக் கதை எழுதியவருக்கு அதில் வரும் பெயரைச் சொல்லத் தெரியாதா? குமுதாவுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் ஒரு வேற்றுக்கிரக நாவலை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒலிநூலாக வரப்போகிறது. விண்கலத் தலைவனின் பெயர் ங்யூத்தலி. எழுதிய கனகசபை, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

“அங்கிள், இதை எப்படிச் சொல்லணும்? இழுக்கணுமா, நறுக்குன்னு நிறுத்தணுமா?”

கனகசபை திருதிருவென விழித்தார். “நாளைக்குச் சொல்றேன்மா.”

நேற்று ‘ழெம்பா’ என்ற இன்னொரு பெயருக்கும் இதே பதில்தான்.

“அப்ப ஈஸியா மாத்திக்கலாமா? நித்திலன்னு வெச்சா கேக்கறவங்களுக்கும் நல்லா இருக்கும் லா.”

அதுவரை பூனை மாதிரி இருந்த மனிதர் நிமிர்ந்தார். “ஒரு எழுத்துகூட மாறக் கூடாது.”

அவர் போனதும் குமுதா கூடத்தின் முதலாளி விஜயனைப் பிடித்துக்கொண்டாள். “பாஸ், இந்தாளு எங்கேயோ சுட்டிருக்காரு. பெத்தவருக்குப் பிள்ளை பேர் தெரியாம இருக்குமா?”

“சும்மா இரு லா. வயசானவரு.”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க.”

போன வருஷம் அவள் வாசித்த கதை திருட்டுக் கதை என்று தெரியவந்து, வாசித்தவள் பெயரும் சேர்ந்து நாறியது. எட்டு மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அவள் பிழைப்பே போய்விடும்.

மறுநாள் காலை கனகசபை ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். ஒரு பெண் குரல். “ங்யூத்... தலி.” சாவகாசமாக, ஒரே தடவை. பின்னாலேயே சின்னச் சிரிப்பு.

அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் குமுதா கேட்டாள்: “யாரு அங்கிள் இது?”

“என் வைஃப். ஜெயமாலா.”

குமுதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுதியது பெண்டாட்டி, அட்டையில் பெயர் புருஷனுக்கு. ஊரில் நடக்காததா?

“நான் ஆன்டிகிட்ட பேசணும்.”

“அவ பேசமாட்டாம்மா.”

“பேசாதவங்கதான் வாய்ஸ் நோட் அனுப்பறாங்களா?”

அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஆன்டியைப் பார்க்காம இனிமே ஒரு வரி படிக்கமாட்டேன்.”

கனகசபை வாசல் பக்கம் திரும்பினார். “சரி, வீட்டுக்கு வாம்மா.”

மத்தியானம் கிள்ளானில் அவர் வீட்டுக் கூடத்தில் ஜெயமாலா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் துவண்டு கிடந்தது. குமுதாவைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. ரயிலில் வரும்போது தயார் பண்ணி வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டுக் குமுதா தன் பெயரைச் சொன்னாள்.

“ஆன்டி, நான் குமுதா. அந்தக் கதையை வாசிக்கிறவ.”

ஜெயமாலா இடது கையால் அவளைச் சுட்டிக்காட்டினார். “ப்பூலுமே.”

“குமுதா, ஆன்டி. கு-மு-தா.”

சிரிப்பு அணைந்துபோனது. ஜெயமாலா உதட்டை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

கனகசபை குமுதாவை வாசல் பக்கம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவ ஒண்ணு நினைப்பா, வாயில வேற ஒண்ணு வரும். மகன், மருமக, நர்ஸ், நான்கூட விடாம திருத்தினோம். திருத்தித் திருத்தி, பேசறதையே விட்டுட்டா.”

குமுதாவுக்கு முகம் சுண்டிப்போனது.

“முன்ன அவ சொன்னதையெல்லாம் பேரா வெச்சு நானே இந்தக் கதையை எழுதினேன். ங்யூத்தலின்னு கூப்பிடறது என்னைத்தான். எனக்குத் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி, எப்படிச் சொல்லணும்னு தினம் சாயந்திரம் அவகிட்டதான் கேட்டுக்கறேன். அதுக்கு மட்டும் வாயைத் திறக்கறா. இந்த ஒரு கதையிலதாம்மா அவ சொல்றது சரி.”

குமுதா உள்ளே போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்தி, ஜெயமாலாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“ஆன்டி, என் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குச் சரியா சொல்ல வரலை.”