வர்னா போகாத கார்

"முப்பது வருஷம் பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்தேன்னு சொன்னீரே, அங்க என்ன, டிக்கெட்டா கிழிச்சிட்டிருந்தீர்?"

கலோயன் போட்ட சத்தத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்கு மாடி ஜன்னல்களும் திறந்துகொண்டன. டிராக்டர் கட்டி இழுத்துவந்த கார், முற்றத்தின் நடுவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

"வார்த்தைய அளந்து பேசுங்க மாப்பிள்ளை," என்றார் ராங்கெல். யாம்போல் ஊரில் பெண்டாட்டி வீட்டார்தான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். ராங்கெல், கலோயனின் மாமியாருக்கு எதிர்வாசல்காரர் மட்டும்தான், மனைவியை இழந்தவர். ஆனாலும் அப்படித்தான் கூப்பிட்டார். அதை யாரும் கவனிக்காமல் இல்லை.

விஷயம் இதுதான். இரண்டாம் மாடி வெலிகாவின் கணவர் இறந்து நாலு வருஷமாகிறது. கடற்கரை நகரமான வர்னாவில் இருக்கும் மகள், "என்னோட வந்து இரும்மா" என்று விடாமல் கூப்பிட, வெலிகாவும் சரி என்றாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. குளிர்காலத்துக்காக அவள் போட்டுவைத்த நூற்றிருபது ஜாடி ஊறுகாயும் ஜாமும் கூடவே வர வேண்டும். அதுவும் கணவரின் காரில்தான் வர வேண்டும். காரை ஓட்டிப்போக மருமகன் கலோயன் பஸ் பிடித்து வந்தான்.

போன வெள்ளிக்கிழமை ராங்கெல் புது தெர்மோஸ்டாட் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை காலை கார் ஏழாவது கிலோமீட்டரில் கொதித்தது. இந்த வெள்ளிக்கிழமை ரேடியேட்டரையே மாற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று, பளபளவென்றிருந்த போன வாரத்துத் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டு இன்னொரு புதுசு போட்டார். ஹீட்டரைத் திறந்துவைத்து, தண்ணீர்க் குழாய்களில் சிக்கிய காற்றெல்லாம் வெளியேறும்வரை ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டார். சூடு காட்டும் முள் நடுவில் போய் நின்றது, அசையவில்லை. இன்று காலை கார் மறுபடியும் அதே ஏழாவது கிலோமீட்டரில் கொதித்தது.

இரண்டு வெள்ளிக்கிழமையும் வெலிகாதான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள்.

"இந்தப் பெரிய பலகை எதுக்கு ராங்கெல்?"

"அதுதான் ரேடியேட்டர். சூடான தண்ணி இதுக்குள்ள போய்த்தான் ஆறும்."

"அடேங்கப்பா! இந்தக் குட்டி?"

"தெர்மோஸ்டாட். சூடு ஏறினதும் வாயத் திறந்து தண்ணிய விடும்."

"பாரேன், அதுக்கு இருக்கிற அறிவ!" என்று அவள் கன்னத்தில் கைவைப்பாள். அவர் முதலிலிருந்து மறுபடியும் சொல்லுவார். வேலை முடிந்ததும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா சுடச்சுட வரும். வெள்ளிக்கிழமைகளில் ராங்கெல் முகம் மழித்துக்கொள்வதை முதல் மாடி பென்கா கணக்கெடுத்து வைத்திருந்தாள்.

கார் ஓடினால் அவள் போய்விடுவாள் என்பது ராங்கெலுக்குத் தெரியாதா? மனசு என்னவோ கெஞ்சத்தான் செய்தது. கைதான் கேட்கவில்லை. அரைகுறையாக முடுக்கி அதற்குப் பழக்கமே இல்லை.

இன்ஜின் ஆறியதும் கலோயனே பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தான். இரண்டு போல்ட்டைக் கழற்றி உள்ளே இருந்ததை உருவினான். துருப்பிடித்து, ஓரத்தில் சொட்டையாக ஒரு தெர்மோஸ்டாட்.

ராங்கெல் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். போன வாரம் அவரே கழற்றிப்போட்ட பழசு அது!

பென்கா முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அடுப்பில் தக்காளிக்காகக் கொதித்துக்கொண்டிருந்த பானையில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அது அசையவில்லை.

"எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு. எவ்வளவு சூடேத்தினாலும் வாயத் திறக்கல," என்றாள் பென்கா.

"பழசையே திருப்பிப் போட்டிருக்கீர்," என்றான் கலோயன். "புதுசு எது, பழசு எதுன்னு கண்ணு தெரியலையா? இல்ல, வேணும்னே செஞ்சீரா? ரெண்டுல ஒண்ணச் சொல்லும்!"

ராங்கெல் அண்ணாந்து பார்த்தார். எல்லா ஜன்னலிலும் தலைகள். பீர் பாட்டிலோடு டிப்போ நண்பர்கள் வேறு. அயோக்கியன் என்று பேர் வாங்கினால்கூட இந்த ஊரில் வாழ்ந்துவிடலாம். தெர்மோஸ்டாட் மாட்டத் தெரியாதவன் என்று பேர் வாங்கிவிட்டு வாழ முடியுமா?

தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேணும்னேதான் செஞ்சேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... வெலிகா போயிட்டா, வெள்ளிக்கிழமை நான் யாருக்கு விளக்கிச் சொல்றது?"

வெலிகாவின் முகம் பென்காவின் அடுப்பில் கிடந்த மிளகாயைவிடச் சிவந்தது.

"மாப்பிள்ளை, நீங்க பஸ்லயே போயிட்டு வாங்க. பன்னிரண்டு ஜாடி கட்டித் தரேன். நான் வரல," என்றாள்.

திங்கட்கிழமை ராங்கெல் ஒருவருக்கும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய் வந்தார். பழுதே இல்லை, பருந்துக் கண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் அந்தப் பழசு எப்படி உள்ளே போனது? யாரிடம் போய்க் கேட்பது? குற்றத்தைத்தான் ஊரறிய ஒப்புக்கொண்டாயிற்றே!

நவம்பரில் கல்யாணம். அடுத்த வாரமே பக்கத்து ஊரான ஸ்லிவெனில் ராங்கெலின் தம்பி விட்டுப்போன வீட்டுக்கு இருவரும் குடிபோனார்கள். கார் ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை. வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லாமல் போன பென்கா, தங்கை வீட்டுக்கே போய்விட்டாள்.

சாமான் ஏற்றிய அன்று நிலவறையிலிருந்து ஜாடிகளைச் சுமந்தது ராங்கெல்தான். வெள்ளரிக்காய் வரிசையின் கடைசியில் ஒரு ஜாடி மட்டும் கனமில்லாமல் இருந்தது. திறந்தார். துணியில் பத்திரமாகச் சுற்றிய இரண்டு புத்தம்புது தெர்மோஸ்டாட்டுகள். அடியில், சின்னக் கை ஒன்று பல வருஷம் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

மாடிப்படியிலிருந்து வெலிகாவின் குரல் பதறிக்கொண்டு வந்தது: "ராங்கெல், கடைசி வெள்ளரிக்காய் ஜாடிய மட்டும் தொடாதீங்க, அத நானே எடுத்துட்டு வரேன்!"