பெயர் கிடைத்த செடி

மழைக்காட்டின் ஓடைக்கரையில் முழங்கால் உயரச் செடி ஒன்று இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. பக்கத்தில் நின்ற வெட்சிச் செடிக்கு அதைக் கண்டாலே இளக்காரம்.

"நானும் உங்களை மாதிரி காபிக் குடும்பம்தான் அக்கா. என் இலையெல்லாம் ஜோடி ஜோடியா எதிரெதிரா இருக்கு, பாருங்க. ரெண்டு இலைக்காம்புக்கும் நடுவுல உங்களுக்கு இருக்கிற மாதிரியே குட்டிச் செதில்கூட இருக்கு" என்றது செடி.

"குடும்பம் இருந்து என்ன செய்ய? புத்தகத்துல உன் பேர் இல்லையே!" என்றது வெட்சி.

ஒருநாள் தாவரவியல் பேராசிரியர் தில்லைநாயகம் வந்தார். மண்டியிட்டு, பூதக்கண்ணாடியால் செடியை மேலும் கீழும் பார்த்தார். இதழ்களை எண்ணினார், செதிலை அளந்தார்.

"அடடா! இது உலகத்துல யாரும் பார்க்காத செடி!" என்று துள்ளினார். நாலு நாள் காடு முழுக்கத் தேடியும் இன்னொன்று கிடைக்கவில்லை. அவருடைய சந்தோஷம் இரட்டிப்பானது.

"கேட்டீங்களா அக்கா?" என்று செடி முடிந்தமட்டும் நிமிர்ந்து நின்றது.

பேராசிரியர் ஒரு சல்லிவேர்கூட அறாமல், மிகுந்த மரியாதையோடு அதைப் பிடுங்கினார். செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் கட்டி எடுத்துப் போனார்.

மறு வருடம் புத்தகத்தோடும் விருந்தினர்களோடும் அதே ஓடைக்கரைக்கு வந்தார். செடிக்குத் தன்னுடைய பெயரையே வைத்திருந்தார். இலைக்கும் பூவுக்கும் வேருக்கும் இரண்டு பக்க வர்ணனை. வெட்சி ஒரு வரி விடாமல் கேட்டது.

"அந்தச் செடியை இப்போ பார்க்கலாமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

பேராசிரியர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடைசி வரியை வாசித்தார்: "இச்செடி தற்போது காட்டில் எங்கும் காணப்படவில்லை. காரணம் தெரியவில்லை."