தொழிலா, சொத்தா

"இது தொழிலுக்கா, இல்ல சொத்தா?" என்று கேட்டார் மாற்றுத்திறனாளி உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தவர்.

அவருடைய பேனா என் தையல் மிஷினைக் காட்டியது. மோட்டார் வைத்தது, கடைகளில் இருக்கிற பெரிய ரகம். கை நன்றாக இருந்த காலத்தில் ரெடிமேட் கம்பெனியில் பதினோரு வருடம் தைத்து வாங்கினேன்.

நல்ல கேள்விதான். தொழிலுக்கு என்றால் எனக்கு வருமானம் இருக்கிறது, உதவித்தொகை நின்றுவிடும். தொழிலுக்கு இல்லை என்றால் சும்மா கிடக்கிற சொத்து. அதன் விலை வரம்பைத் தாண்டுகிறது, அப்போதும் நின்றுவிடும். உட்கார்ந்து யோசித்து இந்தப் படிவத்தை எழுதிய புண்ணியவான் யாரோ, அவனுக்கு ஒரே ஒரு நாள் என் மூட்டுவலி வர வேண்டும்.

"ரெண்டும் இல்ல சார்" என்றேன்.

படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

பக்கத்தில் என் அக்கா. காலையிலிருந்து எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக நட. கதவை நீ திறக்காதே. டம்ளரை இரண்டு கையாலும் பிடி. ஏதோ நான் நாடகத்தில் நடிக்கப் போகிறவள் மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் ஆறு நாள் என்னால் பல் தேய்க்க முடியவில்லை. இதே அக்காதான் எனக்குப் பொத்தான் போட்டுவிட்டாள், தலை வாரிவிட்டாள். அந்த ஆறு நாளில் ஒரு நாள் இந்த மனுஷன் வந்து தொலைந்திருக்கக் கூடாதா? இன்றைக்கென்று பார்த்து என் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டு மடங்கி விரிந்தன.

உதவித்தொகை வந்தால் மாதம் ஒரு ஊசி மருந்து. அதைப் போட்டுக்கொண்டால் மாதத்தில் நாலைந்து நல்ல நாள் கிடைக்கும். நல்ல நாளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் கால்சட்டை நீளத்தைக் குறைத்துத் தருவேன். பிறகு மூன்று நாள் கை என்னைப் பழிவாங்கும். அவர்கள் கொடுப்பது மருந்துச் செலவில் கால்வாசிகூட வராது. ஆனாலும் தைக்கிறாளே என்று உதவித்தொகையை நிறுத்தினால் மருந்து நின்றுவிடும். மருந்து நின்றால் கை மொத்தமாக முடங்கிப்போகும். முடங்கின பிறகு, வாங்க அம்மா, தாராளமாக விண்ணப்பிக்கலாம் என்பார்கள்.

அவர் எழுந்து தன் கோட்டைக் கழற்றினார். பாக்கெட்டின் ஓரம் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் விட்டுப்போயிருந்தது.

"முடிஞ்சா இதைக் கொஞ்சம் தச்சுக் கொடுங்களேன்."

வீட்டு மனுஷர் மாதிரி கேட்டார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

மிஷின் முன்னால் உட்கார்ந்து துணியைத் திருப்பினேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அது தானாக விட்டுப்போனதில்லை, பிரித்தது. அந்த ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒரு வரிசை நெருக்கமாக, ஒரு வரிசை அகலமாக, எல்லாம் வேறு வேறு கைகள். எனக்கு முன்னால் ஐந்து வீட்டிலாவது இந்தக் கோட்டைக் கழற்றியிருக்கிறார்.

ஐந்து வரிசையும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. பாவம், அத்தனை பேரும் நன்றாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அரை நிமிட வேலை. வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு கஷ்டப்பட்டுத் தைத்ததில்லை. நேராகப் போகிற கையைப் பிடித்து இழுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கோணலாக ஓட்டினேன். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் தையலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இதைப் பார்த்திருந்தால் சூப்பர்வைசர் என் முகத்திலேயே வீசியிருப்பார். எனக்கே அவமானமாக இருந்தது.

அவர் கோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வேலை செய்ய இயலுமா: இயலாது.

மிஷின்: பழுது. மதிப்பு இல்லை.

தப்பித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அக்காவும் கண்ணாலேயே அதைத்தான் சொன்னாள்.

ஆனால் அந்தப் 'பழுது' என் கண்ணில் முள்ளாகக் குத்தியது. என்னைக் கையாலாகாதவள் என்று எழுதட்டும், ஆறு வருடமாக எழுதுகிறார்கள், பழகிவிட்டது. மிஷின் என்ன பாவம் செய்தது? வாரம் தவறாமல் எண்ணெய் விட்டு, விரல் மடங்காத நாளில்கூட முழங்கையாலேயே உறையை இழுத்து மூடி, குழந்தை மாதிரி வைத்திருக்கிறேன்.

"மிஷினுக்கு ஒரு கோளாறும் இல்ல சார்!"

அக்கா என் முதுகில் கிள்ளினாள். வலி உச்சந்தலைவரை போனது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா?

அவர் நிதானமாகக் கோட்டை மாட்டிக்கொண்டார். பாக்கெட் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"தெரியும்மா. கெட்டுப்போன மிஷின் இவ்வளவு அளவா கோணாது. கையெழுத்தைப் போடுங்க."