மூன்றாவது கை

அன்றைக்கு அது ஏழாவது கிட்டார். பழுது பார்ப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"தடிக் கம்பியைத் தொட்டாலே கரகரங்குது மாஸ்டர். ஆறு மணிக்கு மேடை ஏறணும்," என்று பாட்டு டீச்சர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

கிட்டாரின் கழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று கை வேண்டும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில், ஒரு கை கம்பியை முதல் ஃபிரெட்டில் அழுத்த, இன்னொரு கை கடைசியில் அழுத்த, மூன்றாவது கை நடுவில் கம்பிக்கு அடியில் காகிதத்தை நுழைத்துப் பார்க்கும். முதல் ஃபிரெட் அவர் மனைவியின் பொறுப்பு. "கை கடுக்குது, விடட்டுமா?" என்று நச்சரித்துக்கொண்டே அழுத்துவாள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாயிற்று. இப்போது அங்கே ஒரு கிளிப்பை மாட்டிக்கொள்கிறார்.

காகிதம் நுழையவில்லை.

"கழுத்து ரொம்ப நிமிர்ந்துக்கிச்சு டீச்சர். கொஞ்சம் தளர்த்தினா சரியாயிடும்."

கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவியால் கால் சுற்றுத் தளர்த்தினார். காகிதம் நுழைந்தது. இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, தடிக் கம்பியைத் தட்டினார். கரகரப்பு இல்லை.

"சுத்தமா இருக்கு. ஆனா சுரம் கொஞ்சம் ஏறியிருக்கே?" என்றார் டீச்சர்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். முதல் ஃபிரெட்டில் கம்பி பலகையோடு அழுந்திக் கிடந்தது. கிளிப் சுவர் ஆணியில் தொங்கியது. ஏழு கிட்டாரில் ஒன்றுக்குக்கூட அதை எடுத்ததாக அவருக்கு நினைவில்லை.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"காலையிலேருந்து அழுத்திட்டிருக்கே. கை கடுக்கும், விட்டுடு."

"நான் தொடவே இல்லையே மாஸ்டர்?" என்றார் டீச்சர்.

கம்பி மெல்ல மேலெழுந்தது.